ஒரு மூலமும் பல பொறிகளும்

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போரிடம், ஆங்கிலத்தில் மிகவும் தொல்லை தரும் சொல் யாது என்று வினவினால், நீண்டதொரு சட்டச் சொல்லையே அவர் கூறுவார் என்று நேயர்கள் எதிர்பார்க்கலாம். நமது அநுபவத்தில் அது 'வீ' என்னும் ஓரெழுத்து ஒலியுடைய சிறு சொல்லேயாகும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அச்சொல்லைக் கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கேட்பவரையும் உள்ளடக்கிக் கூறினாரா, விலக்கிக் கூறினாரா என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை. ஹிந்தியில் 'ஹம்' என்று பெயர்ப்பவருக்கும் அக்கவலை இல்லை. தமிழில் பெயர்ப்பவரோ 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா என்று முடிவு செய்தே தீரவேண்டும். நாம் வாழும் மராட்டிய நாட்டிலும் 'ஆபண்' என்றும் 'ஆம்ஹீ' என்றும் இதே வேற்றுமை வழங்குகிறது. மூலம் வாய்திறவாத ஒன்றை, மொழி பேசியே ஆகவேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் புனே நகரிலுள்ள அலுவலகம் ஒன்றிலிருந்து, ஓய்வு பெற்ற தொழிலாளர்க்கு ஒரு சுற்றறிக்கை மூன்று மொழிகளில் சென்றது. மருத்துவப் பரிசோதனைக்கு வருவோரின் வண்டிச் செலவைப் பற்றியது அது. முதல் வரைவில் 'அலுவலகம் ஏற்கும்' என்றிருந்தது. கடைசி நேரத்தில் ஆங்கில மூலத்தில் 'அலுவலகம்' என்பதை எடுத்துவிட்டு 'வீ' என்று திருத்தினார்கள். ஒரு சொல் மாற்றந்தானே! ஹிந்திப் படியை மட்டும் சரிபார்த்தோம். அதில் குற்றம் ஏதும் தென்படவில்லை. தமிழ்ப் படியில் அவசரத்தில் 'நாம் ஏற்போம்' என்று நாங்களே எழுதிவிட்டிருந்தோம். கட்கியில் குடியிருந்த முதியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, செலவில் தம் பங்கையும் கேட்பார்கள் என்று எண்ணி, பரிசோதனைக்கு வராமலே இருந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அவருடைய மகன் ஹிந்திப் படியையும் ஒப்பிட்டுப் பார்த்து வந்து கேட்ட பின்னரே எங்களுக்குத் தெரிந்தது. (இக்கட்டுரையில் 'நாம்' என்று வருமிடமெல்லாம் நேயர்களையும் சேர்த்தே சொல்லுகிறோம். அந்தத் தவறு மட்டும் எங்களுடையது.)

கணிப்பொறித் துறையில் இதே இக்கட்டு நாள்தோறும் நேருகிறது. அங்கே அதைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒழுங்கான முறையொன்றும் இருக்கிறது. அதைப் பற்றியே இங்குக் கூறப் புகுகிறோம்.

கணிப்பொறியின் மையத்தில் இருந்துகொண்டு, நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு, ஒரே வேளையில் ஓடும் பல வேலைகள் ஆகிய அனைத்தையும் பங்கிட்டு மேற்பார்க்கும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். லினக்ஸ் என்னும் கெர்னலை 1991ஆம் ஆண்டில் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அப்போது அது இன்டெல் 386 என்ற ஒரே வகைப் பொறிக்காகவே எழுதப்பட்டது. பின்னர் அது பல வகைப் பொறிகளுக்கும் பரவிற்று. நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசியிலும் அதுவே. உலகின் மிக வலிய 500 கணிப்பொறிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அதுவே.

கெர்னலின் பெரும்பகுதி 'ஸி' என்னும் மொழியில் எழுதப்பட்டது. பொறியோ ஸி மொழியை அறியாது. ஒவ்வொரு வகைப் பிராசஸருக்கும் தனித்தனியே ஒரு கட்டளைத் தொகுதி உண்டு. அந்தக் கட்டளைகளையே அது உணரும். மனிதர் எழுதிய ஸி மூலத்தைப் பொறியின் கட்டளைகளாகப் பெயர்த்துத் தரும் நிரலே கம்பைலர். எங்கள் தொழிலைச் சேர்ந்த இயந்திரம் என்று அதைக் கூறிக்கொள்வதில் எமக்குச் சிறிது பெருமை உண்டு. மூலம் ஒன்று, பெயர்ப்புகள் பல. மூலத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால், எல்லாப் பெயர்ப்புகளிலும் அத்திருத்தம் எவ்வாறு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

பல பொறி என்பது ஏட்டுச் செய்தி அன்று என்பதைப் புனேவாசிகள் நன்கு அறிவார்கள். 1988ஆம் ஆண்டில் இந்நகரில் நிறுவப்பட்ட ஸி-டாக் என்னும் மத்திய சர்க்கார் நிறுவனம், விஜய் பட்கர் அவர்களின் தலைமையில், 1991இல் பரம் 8000 என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கியது. அதில் இருந்தவை இன்மாஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்பியூட்டர்கள். அதற்குப் பின் வந்த பரம் 8600இல் இன்டெல் நிறுவனத்தின் ஐ860. பரம் 9000இலும், 1998இல் வந்த பரம் 10000இலும் சன் நிறுவனத்தின் ஸ்பார்க் குடும்பத்தைச் சேர்ந்த பிராசஸர்கள். பின்னர் பெங்களூரில் அமைக்கப்பட்ட பரம் பத்மாவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர்4, 2008இல் மீண்டும் புனேயில் வந்த பரம் யுவாவில் இன்டெல்லின் ஸியான். இருபது ஆண்டுகளுக்குள் ஐந்து வேறு குலங்கள்! பெயர் 'பரம்' என்று ஒன்றாகவே நீடித்தது. உள்ளே பேசப்பட்ட மொழி மாறிக்கொண்டே வந்தது. பருவநிலைக் கணக்கோ, அணு மூலக்கூற்றுக் கணக்கோ, ஒரு பரம் பொறிக்கு எழுதிய நிரலை அடுத்ததற்குக் கொண்டு செல்வோர், மீண்டும் கம்பைலரிடம் கொடுத்து, வெளிவந்ததை நம்பலாமா என்று சோதித்தே ஆகவேண்டும்.

இனி, மூலம் வாய்திறவாத இடம் ஸி மொழியில் எது என்று பார்ப்போம்.

கணிப்பொறியில் ஓர் எழுத்தைக் குறிப்பதற்கு, எட்டு பிட்டுகள் கொண்ட ஒரு பைட்டை ஸி மொழி பயன்படுத்துகிறது. அதற்கு அம்மொழியில் 'சார்' என்று பெயர். எட்டு பிட்டுகளைக் கொண்டு 256 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். அவற்றை 0 முதல் 255 வரை என்று கொள்ளலாம். அல்லது எதிரெண்களுக்கும் இடம் வைத்து, −128 முதல் 127 வரை என்றும் கொள்ளலாம். முன்னதைக் குறியற்ற எண் என்றும், பின்னதைக் குறியுடைய எண் என்றும் கூறுவர். 'சார்' என்று மட்டும் எழுதினால் இவ்விரண்டில் எது? ஸி மொழியின் தர விதிகள் இதற்கு விடை கூறவில்லை. கம்பைலரைச் செய்பவர் தமக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டன. நமது 'வீ' போலவே!

விதி வகுத்தோரின் சோம்பல் என்று இதைக் கருதிவிடலாகாது. இதற்குப் பொறிகளின் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸி மொழியை உருவாக்கியபோது, அது முதலில் நிலைபெற்ற பொறி பிடிபி-11. அப்பொறி ஒரு பைட்டை நினைவகத்திலிருந்து எடுத்துத் தன் பதிவகத்தில் வைக்கும்போது, தானாகவே குறியை நீட்டிவிடும். அதாவது, மேல்முனை பிட் 1 ஆக இருந்தால் அந்த எண்ணை எதிரெண்ணாகவே கொள்ளும். ஆகவே அங்கே 'சார்' குறியுடையதாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் பொறிகளிலோ, அவற்றின் எழுத்து வரிசையில் ஆங்கில எழுத்துகளே 128க்கு மேல் அமைந்திருந்தன. அங்கே 'சார்' குறியுடையதாக இருந்தால் 'ஏ' என்னும் முதலெழுத்தே எதிரெண் ஆகிவிடும். பவர் வகைப் பிராசஸரில் ஒரு பைட்டைக் குறியோடு எடுத்து வருவதற்கு ஒற்றைக் கட்டளை கிடையாது. 'எல்பிஇசட்' என்ற கட்டளையால் குறியின்றி எடுத்து, 'எக்ஸ்ட்எஸ்பி' என்ற மற்றொரு கட்டளையால் குறியை நீட்ட வேண்டும். முற்கால ஆர்ம் பிராசஸரிலும் குறியோடு எடுக்கும் கட்டளை இல்லை. பின்னரே அது சேர்க்கப்பட்டது. ஆதலின் பவர், ஆர்ம் ஆகியவற்றில் 'சார்' குறியற்றது என்பது மரபாயிற்று. இன்டெல் குடும்பத்திலும் ஸ்பார்க்கிலும் அது குறியுடையது. மேலே கூறிய பரம் வரிசையை மீண்டும் நோக்கினால், ஸ்பார்க்கிலிருந்து பவருக்கும் பவரிலிருந்து ஸியானுக்கும் சென்றபோது, ஒரே 'சார்' இருமுறை தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் நிலையில் இருந்தது என்பது விளங்கும்.

ஆங்கிலம் மட்டுமே எழுதுவோர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. இன்று வழங்கும் எண்முறையில் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தக் குறிகளும் 0 முதல் 127க்குள் அடங்கிவிடுகின்றன. அந்த எல்லைக்குள் குறியுடையதும் குறியற்றதும் ஒன்றே. நம் நிலை வேறு. இந்திய எழுத்து முறைகள் பலவற்றிற்கும் பொதுவாக 1991இல் தரப்படுத்தப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறையில், இந்திய எழுத்துகள் மேற்பாதியிலேயே வைக்கப்பட்டன. அதன் வளர்ச்சியிலும் புனே ஸி-டாக்குக்குப் பங்குண்டு. அம்முறையில் ககரத்தின் எண் 179. தமிழ்க் ககரமாயினும், மராட்டியர் எழுதும் தேவநாகரிக் ககரமாயினும் ஒரே எண். குறியுடைய 'சார்' என்று படித்தால் அது −77 ஆகிவிடும். இன்று எங்கும் வழங்கும் யுனிகோடு முறையின் யுடிஎஃப்-8 வடிவத்தில், அகரத்தை 224, 174, 133 என்று மூன்று பைட்டுகளால் எழுதுகிறோம். மூன்றும் 128க்கு மேல். குறியோடு படித்தால் −32, −82, −123. தமிழில் எந்த எழுத்தை எடுத்தாலும் இப்படியே, ஒன்றுகூடத் தப்பாது. ஆகவே 'சார்' பற்றிய ஐயம் ஆங்கிலப் பெயர்களைத் தொடாமல், 'முருகேசன்' என்று தமிழில் பெயரிட்ட கோப்பைத் தேடிப் பிடித்துத் தாக்கும். சோதனை செய்பவர் ஆங்கிலப் பெயர்களையே வைத்துச் சோதித்தால், குறை வெளிப்படவே வெளிப்படாது.

இது வெறும் கற்பனை அன்று. லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைகளில், ஓர் அடைவில் கோப்புகள் மிகுந்துவிட்டால், ஒவ்வொரு பெயரையும் ஒரு கணக்கினால் ஓர் எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணின் வரிசைப்படி அட்டவணை அமைப்பது வழக்கம். பெரிய நூலகத்தில் அட்டைப் பெட்டிகளை வரிசைப்படுத்தி வைப்பதைப் போன்றது இது. அந்தக் கணக்குப் பெயரின் எழுத்துகளை 'சார்' என்றே எடுத்துக்கொண்டது. இன்டெல் பொறியில் எழுதிய வட்டைக் கழற்றிப் பவர் பொறியில் மாட்டினால், ஆங்கிலப் பெயருள்ள கோப்புகள் யாவும் கிடைக்கும். பிற எழுத்தில் பெயரிட்டவையோ, அடைவைப் பட்டியலிடும்போது கண்ணுக்குத் தெரியும். பெயரைச் சொல்லித் திறக்க முயன்றால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற விடை வரும். அட்டை இருக்கிறது, தேடுகிறவர் வேறொரு பெட்டியைத் திறந்துவிடுகிறார். இந்தக் கோளாற்றுக்கு 2008ஆம் ஆண்டில் கெர்னலில் தியோடோர் ட்ஸோ ஒரு பரிகாரம் செய்தார். எந்த வகைக் 'சார்' கொண்டு கணக்கிடப்பட்டது என்னும் குறிப்பை வட்டின் தலைப்புப் பகுதியிலேயே எழுதி வைத்து, எந்தப் பொறியும் அக்குறிப்பைப் பார்த்து அவ்வாறே கணக்கிடும்படி செய்தார்.

ஒவ்வோரிடத்திலும் இப்படி ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதைவிட, கெர்னல் முழுவதற்கும் ஒரே விதியை வைத்துவிடலாமே என்னும் எண்ணம் 2022இல் வலுப்பெற்றது. கம்பியில்லா வலைத்தொடர்புக்கான ஓர் இயக்கி நிரலில், 'சார்' குறியுடையது என்று நம்பி எதிரெண்களை வைத்திருந்தார்கள். குறியற்ற பொறிகளில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும் என்பது அவ்வாண்டு தெரியவந்து திருத்தப்பட்டது. ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர், எல்லாப் பொறிகளிலும் 'சார்' குறியற்றதாகவே இருக்கட்டும் என்னும் மாற்றத்தை முன்வைத்தார். கெர்னலைக் கட்டும் விதிக்கோப்பில், கம்பைலருக்குக் கொடுக்கும் ஆணைகளோடு ஒரே ஒரு சொல்லைச் சேர்ப்பதே அம்மாற்றம். பல லட்சக்கணக்கான வரிகளில் ஒரு வரியையும் தொடாமல், அவை அனைத்தின் பொருளையும் தொட்டுவிடும் மாற்றம் அது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த 6.2ஆம் பதிப்பிலிருந்து அதுவே விதி.

இத்தகைய மாற்றம் செய்வோர் அதை எவ்வாறு சரிபார்ப்பது? மூலத்தைப் படித்துப் பயனில்லை. மூலந்தான் மாறவே இல்லையே. பெயர்ப்பைத்தான் படிக்க வேண்டும்.

முறை எளியது, பொறுமைதான் அதிகம் வேண்டும். மாற்றத்திற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையுமாகக் கெர்னலைக் கட்டி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பொறி வகைக்கும் இவ்வாறே செய்ய வேண்டும். இதற்காக எல்லாப் பொறிகளையும் மேசைமேல் வாங்கி அடுக்கவேண்டியதில்லை. ஒரு பொறியில் அமர்ந்துகொண்டே மற்றொரு வகைப் பொறிக்குரிய கட்டளைகளை ஆக்கித் தரும் கம்பைலர்கள் உண்டு. புனேயில் அமர்ந்து கொண்டு தமிழுக்கும் வங்காளிக்கும் பெயர்ப்பது போன்றதே. கட்டி முடித்த கோப்பைப் பிரித்து, அதிலுள்ள கட்டளைகளை மனிதர் படிக்கும் அசெம்பிளி வடிவில் வரிசையாக எழுதிக் காட்டும் கருவியும் உண்டு. முந்தையதையும் பிந்தையதையும் அப்படி எழுதி வாங்கி, வேறுபடும் வரிகளை மட்டும் பொறுக்கியெடுக்கலாம்.

இங்கே சில எச்சரிக்கைகள் உள. இருமுறையும் அதே கம்பைலரின் அதே பதிப்பையும் அதே அமைப்புகளையும் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால், மொழிபெயர்ப்பாளரை மாற்றிவிட்டு மூலத்தைக் குறைகூறிய கதையாகும். கட்டிய நாளும் நேரமும் கோப்பினுள் பதிந்திருந்தால் அவற்றை நீக்கிவிட வேண்டும். பிழை அறிவிப்புகளில் மூலத்தின் வரி எண் இடம்பெறுவதுண்டு. ஆதலால் மூலத்தில் ஒரு வெற்று வரியைச் சேர்த்தாற்கூட வெளிவரும் கோப்பு மாறுபட்டுத் தோன்றும். இவற்றையெல்லாம் களைந்த பிறகு எஞ்சுவதே உண்மையான வேறுபாடு. முதன்முறை இதைச் செய்கிறவர், வேறுபாடுகளின் பெருக்கத்தைக் கண்டு மலைத்துப் போவார். அலுவலகப் படிகளைச் சரிபார்க்கும்போது, பக்க எண் மாறியதற்கெல்லாம் சிவப்பு மை இட்டு வைத்திருக்கும் புதிய எழுத்தர்களை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா!

ஒப்பிடுவதற்கு முன்பே, எங்கே என்ன வேறுபாடு வரவேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்வதே இம்முறையின் உயிர்நாடி. நாம் கூறும் மாற்றத்தில், ஆர்ம், பவர் ஆகிய பொறிகளில் 'சார்' முன்னமே குறியற்றது. ஆகவே அப்பொறிகளுக்கான வெளியீட்டில் ஒரு கட்டளைகூட மாறக்கூடாது. மாறியிருந்தால், நாம் எண்ணியதற்குமேல் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். இன்டெல் குடும்பத்திலும் ஸ்பார்க்கிலும் சில இடங்களில் மாறவேண்டும். மாறாவிட்டால், சேர்த்த சொல் கம்பைலரைச் சென்று சேரவே இல்லை என்று பொருள். ஒரு பொறியை மட்டும் பார்த்தவருக்கு இவ்விரு செய்திகளும் சேர்ந்து கிடைக்கமாட்டா. இன்டெல்லை மட்டும் பார்த்தவர் வேறுபாடுகளின் காட்டில் அலைவார். ஆர்மை மட்டும் பார்த்தவர் மாற்றமே இல்லை என்று மகிழ்ந்து உறங்கப் போய்விடுவார்.

இன்டெல் பொறியில் மாறிய இடங்கள் எப்படித் தோன்றும்? முன்பு 'மூவ்எஸ்எக்ஸ்' என்றிருந்த கட்டளை 'மூவ்இசட்எக்ஸ்' என்று ஆகியிருக்கும். முன்னது குறியை நீட்டி எடுப்பது. பின்னது வெற்றிடத்தைச் சுழியால் நிரப்பி எடுப்பது. இவற்றுள் பல தீங்கற்றவை. ஒரு பைட்டை எடுத்து மீண்டும் ஒரு பைட்டாகவே வேறோரிடத்தில் வைப்பதானால், மேற்பகுதியில் சுழி நிரம்பினால் என்ன, ஒன்று நிரம்பினால் என்ன? அது தூக்கியெறியப்படப் போகிறது. 'இந்த எழுத்து சுழியா, இல்லையா' என்று மட்டும் கேட்குமிடத்திலும் கவலையில்லை. கவலைக்குரியவை வேறு. 'இது சுழியிற் குறைந்ததா' என்று கேட்குமிடம் ஒன்று. குறியற்ற எண் எக்காலத்தும் சுழியிற் குறையாது. ஆதலின் அந்தக் கேள்வியையும் அதைத் தொடர்ந்த வேலையையும் கம்பைலர் அடியோடு நீக்கிவிடும். எழுத்தை அப்படியே பெரிய கணக்கொன்றில் கூட்டவோ பெருக்கவோ செய்யுமிடம் இன்னொன்று. இத்தகைய இடங்களை ஒவ்வொன்றாக, மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் படித்தறிய வேண்டும். இதற்குக் குறுக்கு வழியை நாம் அறியோம்.

கம்பைலர் ஒரு கேள்வியையே நீக்கிவிடுமா என்று சிலர் ஐயுறலாம். 2009ஆம் ஆண்டில் அப்படி நடந்து, பெரும் பரபரப்பு உண்டாயிற்று. கெர்னலில் வலைத்தொடர்புக்கான 'டன்' என்னும் இயக்கி நிரலில், ஒரு முகவரியைப் பயன்படுத்தியபின், அந்த முகவரி வெற்று முகவரியா என்று கேட்கும் வரி இருந்தது. மூலத்தைப் படித்தவர்க்கு அது பாதுகாப்பாகவே தோன்றிற்று. கம்பைலரோ, 'முகவரியை முன்னமே பயன்படுத்திவிட்டாய். ஆகவே அது வெற்றாக இருக்க முடியாது' என்று வாதித்து, கேள்வியை அழித்துவிட்டது. ஸி மொழியின் விதிப்படி அவ்வாதம் பிழையன்று. வெளியீட்டில் காவல் இல்லாமற் போயிற்று. அதன் வழியே கெர்னலைக் கைப்பற்றலாம் என்பதையும் ஒருவர் செய்து காட்டினார். அதன் பிறகு இத்தகைய கேள்விகளை நீக்கலாகாது என்று கம்பைலருக்குக் கட்டளையிடும் ஆணையொன்று கெர்னலின் விதிக்கோப்பிற் சேர்க்கப்பட்டது. மூலத்தில் இருக்கிறது என்பதனால் பெயர்ப்பிலும் இருக்கும் என்று கொள்ளலாகாது என்பதற்கு, இதைவிட நேரான சான்று எமக்குத் தெரியவில்லை.

மீண்டும் 'சார்' மாற்றத்திற்கு வருவோம். இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் ஓரிடம் நழுவிற்று. எக்ஸ்ட்4 கோப்பு முறையில், அடைவு அட்டவணைக் கணக்கு 2008இலேயே திருத்தப்பட்டுவிட்டது என்றோம். அதே கோப்பு முறையில் கோப்புகளோடு இணைத்து வைக்கும் கூடுதற் குறிப்புகளுக்கும் பெயர்கள் உண்டு. அப்பெயர்களையும் ஒரு கணக்கினால் சுருக்கி வட்டில் எழுதி வைத்தல் உண்டு. அந்தக் கணக்கை எவரும் திருத்தியிருக்கவில்லை. 6.2ஆம் பதிப்பு வெளியாவதற்கு முன், 2023 ஜனவரியில், கோப்பு முறைகளுக்கான சோதனைத் தொகுதியில் ஒரு சோதனை தோற்றது. ஆங்கிலமல்லாத எழுத்துகளைப் பெயராக வைத்துச் சோதிக்கும் சோதனை அது! பழைய கெர்னல், இன்டெல் பொறியில், குறியுடைய 'சார்' கொண்டு எழுதி வைத்த எண்ணோடு, புதிய கெர்னல் கணக்கிடும் எண் ஒவ்வவில்லை. வட்டு பழுதுபட்டுவிட்டது என்று கெர்னல் அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. வட்டில் ஒரு பழுதும் இல்லை. படிக்கிறவரின் இலக்கணமே மாறியிருந்தது.

டோர்வால்ட்ஸ் தாமே இதற்குத் திருத்தம் எழுதினார். முதலில் புதிய முறைப்படி கணக்கிடுவது. ஒவ்வாவிட்டால் பழைய, குறியுடைய முறைப்படியும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது. அதுவும் ஒவ்வாவிட்டாலே பழுது என்று கொள்வது. கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. வெளியீட்டை ஒப்பிட்டவருக்கு, இந்தக் கணக்கிலும் கட்டளை மாறியிருக்கிறது என்பது தெரிந்தே இருக்கும். கட்டளை மாறியது என்று காட்டுவதோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. அக்கட்டளையால் உண்டாகும் எண் அடுத்த கணத்தில் மறைந்து போவதா, பத்தாண்டுகள் வட்டில் இருக்கப் போவதா என்பதைக் கருவி கூறாது. அதை மனிதரே கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமே பெயர் வைப்போர் மட்டும் இவ்வேலையில் இருந்திருந்தால், அந்தச் சோதனையை எழுதவேண்டும் என்னும் நினைவே எவருக்கும் எழுந்திராது என்பது எமது எண்ணம். வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் இத்துறையிற் பணிபுரியும் தமிழ் இளைஞர் பலர், தம் சோதனைக் கோப்புகளுக்கு 'டெஸ்ட்1', 'டெஸ்ட்2' என்று ஆங்கில எழுத்திலேயே பெயரிடுகிறார்கள். 'சோதனை1' என்று தமிழ் எழுத்தில் இட்டால் செலவொன்றும் இல்லை. பிழையொன்று அகப்படவும் கூடும்.

இப்போது நம் நாட்டிலேயே பிராசஸர்கள் வடிவமைக்கப்படுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி'யும், ஸி-டாக்கின் 'வேகா'வும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவன. அதில் பைட்டைக் குறியோடு எடுக்கவும் குறியின்றி எடுக்கவும் இருவகைக் கட்டளைகளும் உண்டு. மரபாக 'சார்' குறியற்றது. ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய பட்டியலில் இன்னொரு பத்தி கூடிற்று என்று கொள்ள வேண்டியதுதான்.

கட்கி முதியவர் அடுத்த பரிசோதனைக்கு வந்தார். சுற்றறிக்கையில் 'நாங்கள் ஏற்போம்' என்று திருத்தியிருந்தது. அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில், ஆங்கில மூலத்தில் ஒரு சொல் மாறினாலும், ஹிந்தி, மராட்டி, தமிழ் ஆகிய மூன்று படிகளையும் பழையதும் புதியதுமாக அருகருகே வைத்து, எந்தப் படியில் மாறவேண்டும், எதில் மாறலாகாது என்று முன்கூட்டியே பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகே படிக்கிறோம். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் கூடுதலாகிறது; மேலதிகாரி ஒருமுறை காரணம் கேட்டார். முதியவரின் கடிதத்தை எடுத்துக் காட்டினோம்.